நாற்பது மீட்டர் நாண்

ஃபைன் லெக்கில் நிற்பவளைத் தேடிப் பந்து
ஓவருக்கு ஒருமுறைகூட வருவதில்லை.
டான்டனாங் மைதானத்தின் இந்த ஓரத்தில்
எனக்கும் ஒரு மேக்பைக்கும்தான் பேச்சு.
அதனால் கணக்குப் போடுகிறேன்.

என் தோளில் தொடங்கி ஒரு கோடு.
அதன் மறுமுனை, ஸ்டம்புக்குப் பின்னால்,
நிலானியின் கையுறை.
நாற்பது மீட்டர். எட்டி வைத்து அளந்தது,
ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம்.
இது நாண்.

வில்லில் கட்டினாலும் நாண்தான்,
முகத்தில் ஏறினாலும் நாண்தான்.
இரண்டு வாரமாக நாங்கள் பேசவில்லை.
என் தோள் போய்விட்டதென்று
கேப்டனிடம் சொன்னவள் அவள்.
அன்றைக்கு அவளை ஏற்றாமல் காரை எடுத்தவள் நான்.
அதுவும் மழையில்.
இந்த வரியை எழுதாமல் விடப் பார்த்தேன்.

பந்தின் பாதை பரவளைவு.
போன தூரத்தின் வர்க்கத்தை நாற்பதால் வகுத்து
அதே தூரத்திலிருந்து கழித்தால்
உயரம்.

தொடலி என்று படித்தேன் நான்;
இந்தியப் புத்தகத்தில் தொடுகோடு.
ஒரு நேர்கோடு வளைவை
முதலில் இரண்டிடத்தில் வெட்டட்டும்.
பிறகு கோட்டை மெல்ல நகர்த்து,
இரண்டு விடையும் நெருங்கி நெருங்கி
ஒரே விடையாகும் வரை.
அந்த இடத்தில் அது வெட்டுவதில்லை.
தொடுகிறது.
பூவையும் அம்பையும் தொடுப்பது
இதே சொல்தானா என்று
எந்தப் பரீட்சைத் தாளும் கேட்டதில்லை.

என் கையில் சாய்வு ஒன்று:
போன தூரமே உயரம்.
அவள் கையில் சாய்வு கழித்தல் ஒன்று:
நாற்பதில் தூரம் போக மீதி உயரம்.
பெருக்கினால் கழித்தல் ஒன்று.
செங்கோணத்தில் முட்டிக்கொள்ளும் இரண்டு பேர்.

அவை சந்திப்பது பாதி வழியில்,
எங்கள் தலைக்கு மேலே இருபது மீட்டரில்.
அங்கே ஒன்றுமில்லை.
விளக்குக் கம்பத்தின் தலை வேண்டுமானால்
அந்த உயரம் இருக்கும்.
நான் எறிய நினைத்த திசையும்
அவள் ஏந்தி நின்ற திசையும்
அங்கே கைகுலுக்கும். பந்து அங்கே போகாது.
பத்து மீட்டரில் தலைகுனிந்துவிடும்,
நாணுக்கும் அந்தச் சந்திப்புக்கும்
சரிபாதியில்.

நாண் சாய்ந்திருந்தாலும் சரிபாதி.
பாதை தட்டையாக இருந்தாலும் சரிபாதி.
இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்,
மூன்றாவது முறை போடும்போது

"பிரமிளா!"

பந்து வந்தே விட்டது.
காலுக்கு இடையில் போகப் பார்த்ததை
முழங்காலால் மறித்து எடுத்தேன்.
தட்டையாக, தட்டையாக என்று கெர்ரி கத்துகிறாள்.
தோள் ஒத்துக்கொள்ளவில்லை.
நாற்பத்தைந்து பாகையில் கிளம்பியது பந்து,
வானத்திடம் வழி கேட்கப் போவதுபோல.

மூன்று வினாடிக்குக் கொஞ்சம் குறைவு.
மேக்பை நிமிர்ந்து பார்த்தது.
அதற்குள் எதிரணிப் பெண்
மூன்றாவது ஓட்டத்தையும் முடித்து
மட்டையில் சாய்ந்து சிரித்தாள்.

நிலானி ஓரடிகூட நகரவில்லை.
பந்து கையுறையில் விழுந்ததைப் பார்த்த பிறகுதான்
விழுந்த சத்தம் வந்து சேர்ந்தது.
பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு தன் தோளைத் தொட்டுக் காட்டி
முகவாயை உயர்த்தினாள்.
ஒன்றுமில்லை என்று கை அசைத்தேன்.
அசைத்த கை வலித்தது.

ஓவர் முடிந்து இடம் மாறுகையில்
குறுக்கே வந்தாள்.
"மூண்டு ரன்."
"தெரியும்."
கையுறையின் பட்டியைக் கழற்றி
திரும்பவும் அதே ஓட்டையில் மாட்டினாள்.
"காரை எங்க விட்டனி?"

"பின்பக்கம், மரத்துக்குக் கீழ.
குடை பின்சீற்றில கிடக்குது."